தோகுஜி பாய் வாசலில் நிற்கிறார்

டோக்கியோ
5 அக்டோபர் 2025

அன்புத் தங்கை ஷப்னத்துக்கு, அக்கா மஹ்ஜபீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் இங்கே சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதையெல்லாம் போன வெள்ளிக்கிழமைதான் போனில் கேட்டேன். ஆனால் கடிதம் என்றால் கேட்டே ஆக வேண்டும் இல்லையா, அதனால் மறுபடியும் கேட்டுவைக்கிறேன்.

போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதத்தை எடுத்தாள் என்று முழிப்பாய். எல்லாம் எங்கள் டைரக்டர் மியாகே அம்மாவால் வந்தது. அவருக்கு ஒரு பழக்கம். புதிதாக ஒரு பாத்திரத்தை யோசித்தால், அனிமே என்றாலே என்னவென்று தெரியாத ஒருவருக்கு அதைப் பற்றிக் கையால் கடிதம் எழுத வேண்டும். அவரும் கையால் பதில் எழுத வேண்டும். அதை நான் ஜப்பானிய மொழியில் டைரக்டருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பென்சிலையே தொடலாம். போனில் கேட்டால் எல்லோரும் நல்லாருக்கு என்று சொல்லித் தப்பித்துவிடுவார்களாம். அனிமே தெரியாத ஆள் என்றதும் எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. நீ 'ஜப்பான் பொம்மைப் படம்' என்று சொல்வாயே, அதுதான் அனிமே.

விஷயத்துக்கு வருகிறேன். சந்தோஷத்தில் எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள். எங்கள் ஸ்டூடியோவின் அடுத்த தொடருக்கு நாயகனை உருவாக்கும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவன் ஒரு ரத்தக் காட்டேரி. பெயர் தோகுஜி. வயது முந்நூறு, பார்க்க முப்பத்தைந்து. மழமழவென்று சவரம் செய்த வெளிறிய முகம், தரையைத் தொடும் கறுப்புக் கோட்டு. வெயில் பட்டால் எரிந்துபோவான், பூண்டு பட்டால் தோல் வெந்துவிடும். கண்ணாடியில் தெரியமாட்டான். உள்ளே இருப்பவர் கூப்பிடாமல் எந்த வீட்டுக்குள்ளும் அவனால் கால் வைக்க முடியாது. மனித ரத்தம்தான் சாப்பாடு.

மார்ச் முடிவதற்குள் மியாகே அம்மா இவனை ஏற்றுக்கொண்டால் என் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் ஒப்பந்தமும் விசாவும் ஒன்றாக முடிகின்றன. மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, அம்மா பார்த்துவைத்திருக்கும் வடமதுரை மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். வேலை நிலைக்காவிட்டால் திரும்பி வந்து நிக்காஹ் என்று அம்மா மூலமாக அத்தா சொல்லி அனுப்பிய நிபந்தனை உனக்குத் தெரியும்.

அவனைப் பற்றி என்ன கேட்கத் தோன்றினாலும் கேள். அத்தாவிடம் மட்டும் மூச்சு விடாதே. மூன்று வருஷமாக மகளோடு பேசாதவருக்குக் காட்டேரியோடு என்ன பேச்சு.

துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்.
மஹ்ஜபீன்


பேகம்பூர், திண்டுக்கல்
24 அக்டோபர் 2025

அருமை அக்காவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழை வந்ததும் நின்றுவிடுகிறது. வானிலை அறிக்கை கேட்பதையே விட்டுவிட்டோம்.

உன் கடிதம் மத்தியானக் கூட்டத்தில் நம் பிரியாணிக் கடைக்கே வந்து சேர்ந்தது. பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். அரிசி அண்டா மேல் வைத்துவிட்டு மறந்துபோனேன். ஒரு ஓரத்தில் தால்சா பட்டிருந்தது, மன்னித்துக்கொள்.

அக்கா, உன் ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ராத்திரியில் சுற்றுகிறவனை நம் தெருவில் பார்த்தால் செல்போன் திருடன் என்றுதான் நினைப்போம். முந்நூறு வருஷமாக அவன் என்ன தொழில் பார்க்கிறான்? கோட்டு தைக்கக் காசு ஏது? வாடகை யார் கட்டுகிறார்கள்? ஒரு மனிதன் என்றால் காலையிலோ மாலையிலோ ஒரு வேலைக்குப் போக வேண்டும். காட்டேரிக்கு அது பொருந்தாதா? கண்ணாடியில் தெரியமாட்டான் என்கிறாய், ஆனால் முகத்தை மழமழவென்று சவரம் செய்திருக்கிறான். யாரிடம் போய்ச் செய்துகொள்கிறான்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். காட்டேரி ஆவதற்கு முன்னால் அவன் யார்? அம்மா அப்பன் இல்லாமல் வானத்திலிருந்து குதித்தானா? அவன் ரத்தம் குடிப்பது பசிக்காகவா, ருசிக்காகவா? பசிக்காக என்றால் பாவம். ருசிக்காக என்றால் அவனோடு எனக்குப் பேச்சே இல்லை.

பூண்டு பட்டால் வெந்துபோவான் என்று படித்ததும் சிரிப்பு தாங்கவில்லை. நம் கடைப் பக்கம் வந்தால் தெரு முனையிலேயே சாம்பலாகிவிடுவான்.

உன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.
ஷப்னம்


டோக்கியோ
9 நவம்பர் 2025

என் வம்புக்காரத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

குளிர் வந்துவிட்டது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், ஆனால் காது சூடாக இருக்கிறது. என்ன நடந்தது என்று சொன்னால் நம்பமாட்டாய்.

'முந்நூறு வருஷமாக என்ன தொழில் பார்க்கிறான்' என்பதைப் படித்ததும் மியாகே அம்மா மேஜையைத் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. முப்பது வருஷமாகக் காட்டேரிப் படம் பார்க்கிறேன், ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை என்றார். அன்றே கோட்டைக் கழற்றிவிட்டோம். தோகுஜிக்கு வேலை கிடைத்துவிட்டது, ஷப்னம். துறைமுகத்து ஊர் ஒன்றில் சின்னச் சாப்பாட்டுக் கடை. இருட்டியதும் திறப்பான், விடிவதற்குள் மூடுவான். மீன்பிடிக்கப் போகிறவர்களும் ராத்திரி வேலை முடித்து வருகிறவர்களும்தான் வாடிக்கை. இடுப்பில் ஒரு துணி, தலையில் ஒரு துண்டு. சவரம் பக்கத்துக் கடை நாவிதர் கையால். வரைந்து பார்த்தேன், ஆளே மாறிவிட்டான்.

ஆனால் இப்போது நன்றாக மாட்டிக்கொண்டேன். மனிதச் சாப்பாடு ஒரு பருக்கை உள்ளே போனாலும் அவனுக்கு ஆகாது. வாயிலேயே வைக்க முடியாதவன் ருசியாகச் சமைப்பது எப்படி? 'நம்ப வை' என்கிறார் மியாகே அம்மா. பூண்டு வேறு இருக்கிறது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீ கடையிலேயே இருக்கிறவள், ஏதாவது யோசித்துச் சொல்லு.

அம்மாவிடம் மழையைக் கேட்டதாகச் சொல்.
மஹ்ஜபீன்


பேகம்பூர்
30 நவம்பர் 2025

அக்காவுக்கு, வஅலைக்கும் ஸலாம். நாங்கள் சுகம், நீ இன்னொரு ஸ்வெட்டர் வாங்கிக்கொள்.

நீ இதற்குப் போய்ச் சோறு இறங்காமல் கிடந்தாயா? நோன்பு மாதத்தில் நம் கடை எப்படி நடக்கிறது? சாயங்கால அசர் தொழுகைக்கு முன்னாலேயே அடுப்பு எரிகிறது. சமைக்கிறவர் பல்லில் பச்சைத் தண்ணீர் பட்டிருக்காது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட அனுமதி உண்டு. அதைக்கூடச் செய்யாதவர்கள் இருக்கிறார்கள். பிரியாணி தப்புகிறதா? தப்பாது.

உப்பை மூக்கால் பார்க்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது ஆவிக்கு மேல் முகத்தைக் காட்டினால், உப்பு கூடியிருந்தால் தொண்டையில் ஒரு கரகரப்பு வரும். குறைந்திருந்தால் இஞ்சி வாசனை மட்டும் தனியாக வந்து நிற்கும். சீரகச் சம்பாவின் பதம் அகப்பையின் பாரத்தில் தெரியும். தம் போட்ட பிறகு மூடியைத் திறக்கவே கூடாது. மூடி மேல் உள்ளங்கையை வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று கை சொல்லிவிடும். வயிறு நிறைந்தவன் மூக்கை நம்பக் கூடாது, பசித்தவன் மூக்கு பொய் சொல்லாது. உன் தோகுஜி முந்நூறு வருஷப் பசிக்காரன். அவனைவிட நல்ல சமையல்காரன் உலகத்தில் யார் இருக்க முடியும்?

பூண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பூண்டு இல்லாமல் சமைக்கிறவன் சமையல்காரன் இல்லை. வேறு ஆளை வைத்து உரிக்கவும் கூடாது. அவன் கையாலேயே உரிக்கட்டும், விரல் வேகட்டும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளட்டும். சாப்பிட வருகிறவனுக்கு வாசனை வேண்டுமே.

ரத்தத்துக்கும் வழி இருக்கிறது. அறுத்த ஆட்டின் ரத்தத்தை முழுக்க வடியவிடுகிறோம். வடிந்தது யாருக்கும் ஆகாது, கழுவித்தான் விடுகிறோம். அவனுக்கு அதுதான் சாப்பாடு என்றால் யாருக்கு என்ன நட்டம்? ஒரு கசாப்புக் கடைக்காரரைச் சிநேகிதம் பிடித்துக் கொடு. மனிதன் கழுத்தை எதற்குக் கடிக்க வேண்டும்?

எழுதி எழுதிக் கை கடுக்கிறது, அக்கா. செத்த நேரம் நிறுத்திச் சொன்னால்தானே எழுத முடியும். கடையில் ஒருவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். இங்கே உன் ஆளுக்குத் தோகுஜி பாய் என்று பெயர் வைத்தாயிற்று.

வடமதுரையிலிருந்து மாப்பிள்ளை போட்டோ வந்திருக்கிறது. கண்ணாடியில் தெரிகிற ஆள்தான்.
ஷப்னம்


டோக்கியோ
17 டிசம்பர் 2025

ஷப்னம், அஸ்ஸலாமு அலைக்கும். நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, கோபித்துக்கொள்ளாதே. எல்லோரும் சுகமாக இருங்கள்.

பூண்டு உரிக்கும் காட்சியை வரைந்துவிட்டோம். தோகுஜி ஒவ்வொரு பல்லாக உரிக்கிறான், விரல் நுனியில் புகை வருகிறது, வாயில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடுத்த பல்லை எடுக்கிறான். சோதனைக்காகப் போட்டுப் பார்த்தபோது எங்கள் அறையில் எல்லோரும் முதலில் சிரித்தார்கள். கடைசியில் பின்னணி ஓவியம் வரையும் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மியாகே அம்மா என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று ரயிலில் நின்றுகொண்டே வந்தேன், காலே வலிக்கவில்லை.

உன் கேள்விக்கும் பதில் கண்டுபிடித்துவிட்டேன். காட்டேரி ஆவதற்கு முன்னாலும் அவன் சமையல்காரன்தான். மனைவி இல்லை, சின்ன மகள் ஒருத்தி. ஒரு மழை நாளில் கடை வாசலில் பட்டினியாக ஒருவன் வந்து நின்றான். பசி என்று வந்தவனை இவன் திருப்பி அனுப்பியதே கிடையாது. 'உள்ளே வா' என்றான். வந்தவன்தான் காட்டேரி. இவனே வாய் திறந்து கூப்பிட்டான், அதனால்தான் அவனால் நுழைய முடிந்தது. கடிபட்டுக் காட்டேரியாகிவிட்டவன், எங்கே மகளையும் கடித்துவிடுவோமோ என்று பயந்து, அவளைத் தூங்க வைத்துவிட்டு ஊரை விட்டே போய்விடுகிறான். இதற்காக முந்நூறு வருஷத்தை எண்பதாகக் குறைத்துவிட்டோம். மகள் இன்னும் உயிரோடு இருக்க வேண்டுமே.

மியாகே அம்மா கேட்பது இது. அப்படி ஏமாந்தவன் மறுபடியும் கடை வைத்தால், முன்பின் தெரியாதவனை உள்ளே கூப்பிடுவானா?

இன்னொரு கேள்வி, இது நான் கேட்பது. உனக்கு வெங்காயம் உரிக்கக்கூடத் தெரியாது. கடையில் அந்த ஒருவர் யார்?

மஹ்ஜபீன்


பேகம்பூர்
5 ஜனவரி 2026

அக்காவுக்கு, வஅலைக்கும் ஸலாம். அனைவரும் நலம். குளிரில் அம்மா போர்வையை விட்டு இறங்குவதில்லை.

கூப்பிடுவான். ஒருத்தன் செய்த துரோகத்துக்கு ஊரில் இருக்கிற பசிக்காரனையெல்லாம் தண்டிக்க முடியுமா? ஒரு வாடிக்கை காசு கொடுக்காமல் ஓடிவிட்டான் என்று யாரும் கடையை இழுத்து மூடுவதில்லை. அவன் கதவை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். ஆனால் வருகிறவனின் கையை முதலில் பார்ப்பான், முகத்தை அப்புறம்தான் பார்ப்பான். பசித்தவன் கை நடுங்கும், கெட்டவன் கை நடுங்காது. இதை வரைய முடியுமா என்று கேட்டு எழுதச் சொன்னார்.

நீ அனுப்பிய சின்னப் படத்தை என் போனில் ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்துத் தடவை பார்த்தார். கரண்டி பிடிக்கிற விதம் தப்பு என்கிறார். அகப்பைக் காம்பை மேலே பிடித்தால் மணிக்கட்டு போய்விடும், பாதிக்குக் கீழே பிடிக்க வேண்டும். புகை சரியாக வந்திருக்கிறது, விறகு சரியில்லை, புளிய விறகு இப்படிச் சீராக எரியாது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போன இடத்தில் வெங்காய வியாபாரியிடம் தோகுஜி பாய் கதையை முழுக்கச் சொல்லியிருக்கிறார், அவரும் அடுத்தது என்ன என்று கேட்கிறாராம்.

அந்த ஒருவர் யார் என்று கேட்டாய். கடையில் எத்தனையோ பேர், அக்கா.

மகள் என்ன ஆனாள் என்பதைச் சீக்கிரம் எழுது. இங்கே அதைத்தான் தினமும் கேட்கிறார்கள். அவள் அவனைத் தேடினாளா? அவளுக்கு யார் சோறு போட்டார்கள்? எழுது.

ஷப்னம்


டோக்கியோ
22 ஜனவரி 2026

அன்புத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சளி, மற்றபடி சுகம். கரண்டியைத் திருத்திவிட்டோம். கை நடுங்குவதை இன்று காலை வரைந்து முடித்தேன்.

மகளைப் பற்றிக் கேட்டாயே, கடைசிப் பாகமே அவள்தான். இப்போது அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது, அப்பனுக்கு அதே முப்பத்தைந்து வயது. அவளும் ஒரு சாப்பாட்டுக் கடைதான் நடத்துகிறாள். தோகுஜி ஊர் ஊராக விசாரித்து அவள் வீட்டு வாசலுக்கு வந்துசேர்கிறான். அவள் கூப்பிடாமல் உள்ளே போக முடியாது. வாசலில் நின்று குரல் கொடுக்கிறான். பதில் இல்லை. மறுபடியும் கொடுக்கிறான். மூன்றாவது முறையும் பதில் இல்லை என்றதும் திரும்பிப் போய்விடுகிறான். இது நம் பழக்கம்தானே. மூன்று முறை சலாம் சொல்லு, பதில் வராவிட்டால் மனத்தாங்கல் இல்லாமல் திரும்பு என்று சின்ன வயதில் நமக்குச் சொல்லித்தந்தது. அதை அப்படியே அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. மியாகே அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே விளக்கு எரிகிறது, மகள் விழித்திருக்கிறாள், அவளுக்குக் காது கேட்கிறது. பிறகு ஏன் பதில் சொல்லவில்லை என்கிறார். சொல்லமாட்டாள், அவ்வளவுதான் என்றேன். அவ்வளவுதான் என்பது பதில் இல்லை, காரணம் தெரியாமல் இந்தப் பாத்திரத்தை ஏற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சீக்கிரம் எழுது, ஷப்னம். கடையில் அந்த ஒருவரையும் கேள்.
மஹ்ஜபீன்


டோக்கியோ
17 பிப்ரவரி 2026

ஷப்னம், அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

நாளையோ மறுநாளோ நோன்பு தொடங்கிவிடும். உன் கடிதம் வரவே இல்லை. இரண்டு வெள்ளிக்கிழமை போனில் கேட்டேன். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள், நீ எழுதுறேன்க்கா என்று சொல்லிவிட்டு மல்லிகைப் பூ விலையைப் பேசினாய். மற்ற பாத்திரங்கள் எல்லாம் தேறிவிட்டன. தோகுஜி மட்டும் வாசலிலேயே நிற்கிறான். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?

மஹ்ஜபீன்


பேகம்பூர்
24 பிப்ரவரி 2026

அக்காவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

யார் உடம்புக்கும் ஒன்றுமில்லை. இனி மறைக்க என்னால் முடியாது, வாக்கை மீறுகிறேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

கடையில் அந்த ஒருவர் அத்தாதான். முதல் கடிதத்திலிருந்தே அவர்தான். அண்டா மேல் வைத்ததை எடுத்துக் கல்லாவில் உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டார். நான் பயந்து நிற்கிறேன், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, "இந்தப் பய முந்நூறு வருசமா என்ன தொழில்மா பாக்குறான்? கேட்டு எழுது. நான் கேட்டேன்னு எழுதாத" என்றார். அன்று பிடித்ததுதான். ராவும் பகலும் தோகுஜி பாய் பேச்சு. பூண்டு உரித்தால் அவன் ஞாபகம், கசாப்புக் கடைக்குப் போனால் அவன் ஞாபகம். தபால்காரர் இரண்டு நாள் தாமதித்தால் என்னிடம் வள்ளென்று விழுவார். அத்தா இப்படிச் சிரித்துப் பேசி நான் மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை. இவ்வளவும் நீ எழுதிய காகிதத்தால் வந்தது. உன்னிடம் சொல்லாமல் இருந்தது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா?

மகள் பதில் சொல்லாத அந்தக் கடிதத்தை அவரே வாங்கிப் பிரித்தார். நின்றுகொண்டே படித்தார். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு விறகுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு தோகுஜி பாய் பேச்சே இல்லை. என்ன எழுதட்டும் என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

முதல் நோன்பு அன்று நம் கடைப் பிரியாணி உப்புக் கரித்தது, அக்கா. வாங்கிப்போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அத்தா கைப்பதம் தப்பி நீ பார்த்திருக்கிறாயா? அவர் எல்லாருக்கும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தில் அப்படி என்ன இருக்கிறது? எனக்குத் தெரியாமல் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடந்தது?

ஷப்னம்


டோக்கியோ
5 மார்ச் 2026

என் கண்ணே ஷப்னம், அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம் என்று எழுதினால் பொய்.

எனக்குச் சந்தேகம் இருந்தது. பசித்தவன் மூக்கு பொய் சொல்லாது என்று நம் வீட்டில் வேறு யார் பேசுவார்கள். ஆனால் நம்பப் பயமாக இருந்தது. நம்பிவிட்டு இல்லையென்றால் தாங்கமாட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சாலையில் நின்று அழுதேன், பிறகு சிரித்தேன். ஒட்டன்சத்திரத்து வெங்காய வியாபாரி வரைக்கும் என் ஆளைக் கொண்டுபோயிருக்கிறார் அத்தா.

நடந்ததைச் சொல்கிறேன். அத்தா வேண்டாம் என்றும் கேட்காமல் நான் ஜப்பானுக்குக் கிளம்பிய அன்று நீ பரீட்சைக்குப் போயிருந்தாய். கடைச் சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன். அத்தா உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தார். சலாம் சொன்னேன். அவர் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறையும் சொன்னேன். பதில் வரவில்லை, நான் பஸ் ஏறிவிட்டேன். தெருவில் சண்டை போட்டவன் சலாம் சொன்னாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்புகிறவர் அவர். பதில் சொல்வது கடமை என்று நமக்குச் சொல்லித்தந்ததே அவர்தான். அந்தக் கடமையைக்கூட எனக்குச் செய்யவில்லையே என்று மூன்று வருஷமாக வயிறு எரிந்தது.

அந்தக் கோபத்தில்தான் கதையில் அப்பனை வெளியே நிறுத்தினேன். மகளை உள்ளே உட்கார வைத்தேன். எழுதும்போது ஆசை தீர எழுதினேன். இப்போது அவர் விறகுக் கொட்டகையில் போய் நின்றார் என்றதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி மியாகே அம்மா முடிவு சொல்கிறார். உள்ளே நின்றவள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியாது, ஷப்னம். நான் வெளியே நின்றவள். உள்ளே நின்றவரைக் கேட்டுச் சொல். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடு.

மஹ்ஜபீன்


பேகம்பூர்
15 மார்ச் 2026

மகள் மஹ்ஜபீனுக்கு அத்தா முகமது பாரூக் எழுதுவது.

மேலே சலாம் எழுதாமல் விட்டது மறதியால் இல்லை. பின்னால் வருகிறது.

உன் அம்மா தைலம் போட்டுக்கொண்டு நடமாடுகிறாள். ஷப்னம் என்னை உனக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, என் கண் முன்னாலேயே ஒன்றும் தெரியாதவள்போல் கஞ்சி குடிக்கிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. உப்பு இப்போது சரியாக இருக்கிறது.

உன் டைரக்டர் அம்மா கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன், அப்படியே படித்துக் காட்டு. அந்தப் பெண் உள்ளே உலை வைத்திருந்தாள். கையில் அரிசி இருந்தது. அப்பன் குரல் முதல் தடவையே காதில் விழுந்துவிட்டது. திரும்பினால் அழுதுவிடுவோம், அழுதால் போகவிடமாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். இரண்டாம் தடவை வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மூன்றாம் தடவை பதில் சொன்னாள். ஆனால் வாய்க்குள் சொன்னாள். அரிசி கொதிக்கிற சத்தத்தில் அது வாசல்வரை போகவில்லை. அவள் திரும்பிப் பார்க்கும்போது வாசலில் ஆள் இல்லை. அவளைக் கோபக்காரியாக வரையாதே. கோபம் இருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

அதோடு படத்தை முடித்துவிடாதே. அவன் போனான், இவள் அழுதாள் என்றால் யார் பார்ப்பார்கள்? கிழவி கதவைத் திறந்து தெருவில் இறங்கட்டும். அந்த நேரம் பார்த்து விடியப் போகிறது என்று வை. கிழக்கே வெளுக்கிறது, அவனுக்கு ஒதுங்க இடமில்லை. இவளுக்கு முழங்கால் வலி, உன் அம்மா நடக்கிறாளே அந்த நடை. கூப்பிட்டால்தான் அவன் உள்ளே வர முடியும். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடட்டும். ஒட்டன்சத்திரத்து வியாபாரியிடம் இதைச் சொன்னேன். வெங்காயத் தராசை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே போயிட்டானா பாய் என்று கேட்டார். இன்னும் முடிவு வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

இது தேறினால் நீ அங்கேயே இருந்துவிடுவாய் என்று ஷப்னம் சொன்னாள். தெரிந்துதான் எழுதுகிறேன். தேறாமல் போனாலும் பயப்படாதே, நான் வைத்த நிபந்தனையை நானே எடுத்துவிட்டேன். வடமதுரைக்கு நேரில் போய், பிள்ளை வேலையில் இருக்கிறாள், வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மனிதர்கள். நோன்பு திறக்காமல் விடமாட்டோம் என்று உட்கார வைத்துவிட்டார்கள். கஞ்சியில் இஞ்சி போதாது.

பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் ஒன்று கேட்டேன். வாய்க்குள் சொன்ன பதில் பதிலாகுமா என்று கேட்டேன். சலாம் சொன்னவர் காதில் விழ வேண்டும், விழாவிட்டால் கடமை தீராது என்றார். அவர் கடல் தாண்டி இருக்கிறாரே என்றேன். எழுதி அனுப்புங்க பாய் என்றார்.

எழுதிவிட்டேன். வாய்விட்டுப் படி, உன் காதில் விழட்டும்.

வஅலைக்கும் ஸலாம், மகளே.
வஅலைக்கும் ஸலாம்.
வஅலைக்கும் ஸலாம்.

உன் அத்தா